ஒரே நிறப் புடவை

செப்டம்பர் 16, செவ்வாய். வழக்கம்போல் வேலை முடிந்து பெங்களூரு பொம்மனஹள்ளியில் இரவு 8.10 பேருந்தில் ஏறினேன். முன் இருக்கையில் ஒரே அலுவலக அடையாள அட்டை அணிந்த இரு பெண்கள்.

"ஆயுத பூஜைக்கு எல்லாரும் ஒரே கலர் பட்டுப் புடவை. நீ மட்டும்தான் பேர் குடுக்கல, கலா," என்றாள் மூத்தவள்.

"வேண்டாம்க்கா. சொல்லிட்டேன்ல."

"பணத்த மாசாமாசம் கட்டிக்கலாம்டீ. சும்மா பிடிவாதம் பண்ணாதே."

"கட்டி முடிக்கறதுக்குள்ள அடுத்த பூஜை வந்துடும்."

"அப்போ குரூப் போட்டோல எங்க நிப்பே? மேடமே கேப்பாங்க."

கலா சன்னல் பக்கம் திரும்பினாள். "போட்டோவ யாராவது எடுக்கணும்ல? நான் எடுக்கறேன்."

மூத்தவள் கைப்பையைத் தூக்கி இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

எங்கள் அலுவலகத்திலும் பூஜைக்கு ஒரே நிறச் சட்டைக்கு அளவு கேட்டிருந்தார்கள். மறுநாள் காலை முதல் வேலையாக, "எனக்கு வேண்டாம்" என்று பதில் அனுப்பினேன்.