எனக்குப் பிடித்த வாத்தியம் பின்வரிசையில் நிற்கிறது

பேச்சு நீண்டால் மணி அடித்துவிடுவேன் என்று மாலையிலேயே எச்சரித்து, இப்போது மணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீற்றிருக்கும் மாண்புமிகு தலைவர் அவர்களே! அகவையில் என்னை ஒத்தவர்களும், அதை ஒப்புக்கொள்ள மறுப்பவர்களுமான ஆன்றோர்களே! வேலையை முடித்துவிட்டு வந்தவர்களும், முடியாத வேலையை மூடிவைத்துவிட்டு வந்தவர்களுமான தாய்மார்களே! எனக்குப் பின்னால் வில்லேந்தி அமர்ந்திருக்கும் வாத்தியக் குழுவின் வித்தகர்களே! இசை கேட்க வந்து, இசைக்கு முன் இந்தக் கிழவியையும் கேட்க நேர்ந்துவிட்ட நல்லவர்களே! உங்கள் ஒவ்வொருவருக்கும் என் உளமார்ந்த வணக்கம்.

நம் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுவிழாக் கச்சேரி தொடங்கும் முன், மூத்தவர் ஒருவர் மேடையேறி, வில்லால் வாசிக்கும் நான்கு வாத்தியங்களில் தமக்குப் பிடித்தது எது, ஏன் என்று சொல்ல வேண்டும். தோளில் தவழும் வயலினா? அதற்கு அக்கா போன்ற வயோலாவா? முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் செல்லோவா? ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கும் டபுள் பாஸா? இந்த ஆண்டு என் முறை.

அதோ, வயலின்காரர்கள் இப்போதே சிரிக்கிறீர்கள். இந்த அம்மா வேறு எதைச் சொல்லிவிடப் போகிறார் என்ற சிரிப்பு. சிரியுங்கள், நியாயம்தான். ஒன்பது வயதில், கான்வென்ட் பள்ளியில், என் தாடைக்கும் வயலினுக்கும் இடையே ஒரு காகிதத்தைச் செருகி, பாடம் முடியும்வரை அது விழக்கூடாது என்றார் ஒரு கன்னியாஸ்திரி. விழவில்லை. அன்று நிமிர்ந்த தலை, பிறகு எங்கும் எளிதில் குனிந்ததில்லை. மறைந்த என் கணவருக்கு இசை ஞானம் கிடையாது. ஆனால் முப்பத்தாறு ஆண்டுகள் என் வயலின் பெட்டியைச் சுமந்தார். "பெட்டியை வெச்சுத்தான் கூட்டத்துல உன்னைக் கண்டுபிடிக்கிறேன்," என்பார். பெட்டி அவர் கையில் இருக்கும். அதையும் நான்தான் சுட்டிக்காட்டுவேன்.

விரல்கள் மடங்க மறுத்த பிறகு வாசிப்பதை விட்டேன். கேட்பதை விடவில்லை. நீங்களும் என்னை விடவில்லை. ஒத்திகைக்கு முன் எல்லோரும் சுருதி சேர்ப்பீர்கள். நான் எதிரே நாற்காலி போட்டு அமர்ந்து கேட்பேன். நான் தலையசைத்த பிறகே ஒத்திகை. பதினான்கு ஆண்டுகள், இந்தத் தலை அசையாமல் ஒரு வில்லும் அசைந்ததில்லை. எனக்குத் தெரியாமல் எனக்குத் 'தராசு' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். தெரியும். பிடித்தும் இருந்தது.

ஆனால் அன்பர்களே, தராசின் ஒரு தட்டு ஓசைப்படாமல் ஒடிந்துபோனால் என்ன ஆகும்? நிறுப்பவருக்குத் தெரியாது. வாங்குபவருக்குத் தெரியாது. நிறை குறைந்து நிற்கிறாரே ஒருவர், அவருக்கு மட்டும் தெரியும். அந்த ஒருவருக்காகத்தான் இன்று மேடையேறினேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். தலைவரே, மணியைக் கீழே வையுங்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் என் மகன் ஒரு பெண்ணை வீட்டுக்கு அழைத்துவந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை அவளுக்கு. என் தோள் உயரம்தான் இருப்பாள். அவளுக்குப் பின்னால் ஒரு டபுள் பாஸ் வந்தது. எங்கள் வாசலில் ஒற்றைக் கதவு. மகன் அதைச் சாய்த்துப் பார்த்தான், படுக்கவைத்துப் பார்த்தான், கெஞ்சிக்கூடப் பார்த்தான். இது வாத்தியமா, வண்டியா என்று கேட்டேன். அந்தப் பெண் அதன் அடியில் மாட்டியிருந்த சக்கரத்தைக் காட்டினாள்.

"ரெண்டும்தான் அத்தை. பஸ்ல ஏத்த மாட்டேன்னுட்டாங்க. உருட்டிட்டே வந்தேன்."

திருமணப் பேச்சே தொடங்கவில்லை, அதற்குள் அத்தை! கதவைக் கழற்றித்தான் அதை உள்ளே கொண்டுவந்தோம். கூடத்து மூலையில், என் சாய்வு நாற்காலி இருந்த இடத்தில், அது நின்றது. அதை நான் எப்படி நடத்தினேன்? அலமாரி என்றேன். வந்தவர்களிடம், உள்ளே துணி இல்லை, வெறும் இருமல்தான் என்றேன். நான் கடைக்குப் போகும் நேரத்தில் மட்டும் வாசி என்றேன். என் மருமகளாகி, இதே குழுவில் சேர்ந்து வாசித்த பிறகும் அவள் வீட்டில் அப்படியே செய்தாள். நான் படியேறும் ஓசை கேட்டால் வில்லை வைத்துவிடுவாள். ஒரு சொல் திருப்பிச் சொன்னதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, ஜன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்த நான், இப்போதெல்லாம் குருவிகளே வருவதில்லை என்று அவளிடம் குறைபட்டுக்கொண்டேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்படியா அத்தை என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நான்கு குருவிகள் கத்திக்கொண்டிருந்தனவாம். அதை அவள் அன்று சொல்லவில்லை.

அதன் பிறகு ஒத்திகைகளில் ஒரு வழக்கம் உருவானது. உங்களில் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். வயலின்களின் சுருதி சேர்ந்துவிட்டால், பின்வரிசையில் என் மருமகள் தன் வாத்தியத்தின் தோளில் உள்ளங்கையை மெல்ல வைப்பாள். சேரவில்லையென்றால் கை வில்லிலேயே இருக்கும். நான் அந்தக் கையைப் பார்த்துத்தான் தலையசைத்தேன். நான் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். அவள் காட்டுகிறாள் என்று எனக்குத் தெரியும். டபுள் பாஸை உருட்டியபடி வீட்டுக்கு ஒன்றாகவே நடந்து திரும்புவோம். அதைப் பற்றி ஒரு சொல் பேச மாட்டோம். காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெருமை என்பது என்ன பொல்லாத போர்வை! உள்ளே நடுங்கினாலும் வெளியே தெரிவதில்லை.

இப்போது, நான்கு மாதங்களுக்கு முன் நடந்ததற்கு வருகிறேன்.

வயலின்களை வழிநடத்துபவர் அமரும் முதல் நாற்காலி காலியானது. இருவர் போட்டியிட்டார்கள். ஒருவர் நம் மருந்துக்கடைக்காரர். மற்றவர் நம் தையல்காரம்மா. பதினோரு ஆண்டுகள் கடைசி வரிசையில் காத்திருந்தவர். இன்றைய கச்சேரியின் இறுதிப் பகுதியைத்தான் இருவரும் வாசிக்க வேண்டும். அதில் எல்லா வாத்தியங்களும் அடங்கிவிட, ஒரே ஒரு வயலின் தனியாக மேலே ஏறும். ஏற ஏறச் சன்னமாகும். உச்சியில் ஊசி முனை அளவே ஒலி இருக்கும்.

திரைக்கு அந்தப் பக்கம் அவர்கள். இந்தப் பக்கம் நான். அந்தத் திரை என் ஏற்பாடு. ஆளைப் பார்க்காமல் கேட்பதே நீதி என்று சண்டை பிடித்துக் கொண்டுவந்தது நான். பார்க்க முடியாத இடத்தில், பார்க்க ஒரு கையும் இல்லாத இடத்தில், முதன்முறையாக என் காதை மட்டும் நம்பி உட்கார்ந்தேன். முதலில் வாசித்தவர் கொஞ்சம் உரக்க வாசித்தார், கேட்டது. இரண்டாமவர் ஏறினார், ஏறினார், பாதியில் நின்றுவிட்டார். தாளில் எழுதினேன்: 'உச்சியில் ஒலி இல்லை. துணிவு போதாது.' எழுதியதை இதே மண்டபத்தில், எல்லோர் முன்னிலையிலும் வாசித்தேன். முதல் நாற்காலி மருந்துக்கடைக்காரருக்குப் போனது.

மறுநாள் மாலை தையல்காரம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்க வந்தார். உச்சிக்குப் போகாமலே நிறுத்திவிட்டீர்களே, அதைத்தான் என்றேன்.

அவர் பணிவாகவே சொன்னார், "நான் நிறுத்தலையேம்மா. கடைசி வரைக்கும் வாசிச்சேன்."

யாரும் என்னை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. என் குரல் உயர்ந்தது. அந்த நேரம் பார்த்து மருமகள் வேலையிலிருந்து வந்தாள். கையெல்லாம் கிரீஸ். கந்தல் துணியில் துடைத்தபடியே, வயலின் கையோடுதான் இருக்கிறதா என்று அவரைக் கேட்டாள். அந்த இடத்தை இங்கேயே ஒருமுறை வாசிக்கச் சொன்னாள்.

அவர் வாசித்தார். ஏறினார். பாதி வழியில் ஒலி நின்றது. ஆனால் வில் நிற்கவில்லை. வில் நகர்கிறது, ஒலி இல்லை. விரல் அதிர்கிறது, ஒலி இல்லை. அவர் கழுத்து நரம்பு அசைகிறது, ஒலி இல்லை. மருமகளைப் பார்த்தேன். கை துடைப்பதை நிறுத்திவிட்டு நின்றிருந்தாள். அந்த ஒலி முழுவதும் அவள் முகத்தில் இருந்தது.

அப்போதாவது நான் உண்மையைச் சொன்னேனா? இல்லை, அன்பர்களே. பரவாயில்லை, அடுத்த முறை பார்க்கலாம் என்றேன். அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அந்த நன்றி இன்னும் என்னைச் சுடுகிறது.

கதவைச் சாத்திவிட்டு மருமகளிடம் கேட்டேன், "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"குருவி வரலைன்னீங்களே, அன்னைக்கே."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா ஒத்துக்கிட்டிருப்பீங்களா? ஆனா அத்தை, இதுக்கு மேல என்னால கை வெச்சுக் காட்ட முடியாது. அந்தக்கா வீட்டுக்குப் போய் அழுவாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு கைகழுவி வந்தாள். மூலையிலிருந்த அலமாரியை, மன்னிக்க வேண்டும், டபுள் பாஸை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தாள். ஒரு முக்காலி போட்டு, அதன் பக்கவாட்டில் என் முதுகைச் சாய்த்து உட்காரவைத்தாள். தடித்த தந்தியில் வில்லை வைத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். எத்தனையோ கச்சேரி கேட்டவள் நான், முதுகால் கேட்டதில்லை. அந்த ஒலி என் விலாவுக்குள் வந்து, என் மூச்சோடு மூச்சாக நின்றது.

"கேக்குதா அத்தை?"

"கேக்குது."

"அப்ப இதுலேர்ந்து ஆரம்பிப்போம்."

எனக்குக் கேட்பதனால் மட்டும் இதைப் பிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். நான் அவ்வளவு எளிதில் திருப்தியடைபவள் அல்ல. அன்றிலிருந்து தினமும் மாலையில் அதன் அருகே உட்கார்ந்து கேட்கிறேன். அது செய்வது என்ன? மேலே பாடுபவர் இடறாமல் பார்த்துக்கொள்கிறது. கைதட்டல் வரும்போது பின்னால் நிற்கிறது. பெயர் கேட்காமல் பாரம் தாங்குகிறது. இரண்டு ஆண்டுகள் என் மானத்தை அப்படித்தான் ஒருத்தி தாங்கினாள். தாங்கக் கூடாத இடம் வந்ததும் அதையும் அன்பாகவே சொன்னாள். வாத்தியம் வேறு, வாசிப்பவர் வேறு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பிடித்த வாத்தியம் டபுள் பாஸ். வயலின்காரர்கள் பொறுத்தருள வேண்டும்.

யாரோ கைதட்டுகிறீர்கள். பொறுங்கள், நான் பேச வந்தது இன்னும் மீதி இருக்கிறது.

காது மருத்துவரைப் பார்த்தேன். இதோ, மிஷின் மாட்டியிருக்கிறேன். உங்கள் பேச்சு கேட்கும், கைதட்டல் கேட்கும். அந்த உச்சி ஒலி இனி எனக்குக் கேட்காது என்று சொல்லிவிட்டார். ஆகவே சுருதி கேட்கும் பொறுப்பை இந்த மேடையிலேயே தலைவரிடம் ஒப்படைக்கிறேன். கேட்கும் காது ஒன்றுக்கு அதை அவர் தருவார்.

நேற்று மருந்துக்கடைக்குப் போய் அவரிடம் எல்லாம் சொன்னேன். அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "திரைக்கு அந்தப் பக்கம் நானும்தானே நின்னேன் அம்மா. அவங்க வாசிச்சதைக் கேட்டேன். நாற்காலி எனக்குன்னதும் எனக்கே சங்கடம். ஆனா தராசு சொன்ன பிறகு யார் வாயைத் திறக்கிறது?" என்றார். என் கண்டிப்பு உங்களை ஒழுங்காக்கியது என்று நினைத்திருந்தேன். ஊமையாக்கியும் இருக்கிறது.

தையல்காரம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. நேற்றே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் குற்றத்தைக் கூட்டத்தில் வாசித்தவள், திருத்தத்தை வாசற்படியில் முணுமுணுப்பது முறையா? ஆகவே எல்லோர் முன்னும் சொல்கிறேன். அம்மா, அன்று நீங்கள் நிறுத்தவில்லை. உங்கள் துணிவில் குறையில்லை. குறை என் காதில் இருந்தது. அதை மறைத்த குற்றம் என் மனதில் இருந்தது. மன்னியுங்கள். அந்த நாற்காலி உங்களுடையது. வந்து அமர்வீர்களா?

மருந்துக்கடைக்காரர் எழுந்துவிட்டார். இசைத்தாளையும் தையல்காரம்மா பக்கம் திருப்பி வைத்துவிட்டார். வழி விடுங்கள், செல்லோக்காரரே, உங்கள் காலைக் கொஞ்சம் மடக்குங்கள். வருகிறார். வாருங்கள் அம்மா.

இங்கே கூடியிருந்து, பொறுமையாக இந்தக் கிழவிக்குச் செவி தந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. மணியடிக்காத தலைவருக்குத் தனி நன்றி. தையல்காரம்மாவுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். நான் கேட்க வேண்டும் என்று நினைத்து அந்த உச்சியில் ஒலியைக் கூட்டிவிடாதீர்கள். எவ்வளவு சன்னமாக இருக்க வேண்டுமோ அவ்வளவு சன்னமாகவே வாசியுங்கள். உங்களைக் கேட்பவர்களின் முகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வணக்கம்.