கன்டெய்னர் சாவி

எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காருவேன், சார், பட்டாளத்துப் பழக்கம். நான் சொல்வதை அரபியில் சொல்ல ஒரு தமிழ்த் தம்பியை வைத்திருக்கிறீர்களே, அது நல்லது. ஹிந்தியில் பேசினால் எனக்கு அதட்டல்தான் வரும்.

என் பெயர் ராக்கப்பன். ஹவில்தாராக ரிட்டயர் ஆனவன். அப்புறம் சிவகங்கைப் பக்கம் கட்சியில் ஒன்றியச் செயலாளர். கட்சி உடைந்தபோது தோற்கிற பக்கம் நின்றுவிட்டேன். ஊரில் இருக்க முடியவில்லை. அபுதாபிப் பக்கம் இந்த ருவைஸ் வந்து லேபர் கேம்பில் செக்யூரிட்டி ஆனேன். கொஞ்ச நாளிலேயே ரூம் சண்டை, மெஸ் சண்டை எல்லாம் என்னிடம்தான் வந்தன. நான் சொன்னால் கலாஸ், அதோடு முடிந்தது.

அன்பரசன் வெல்டர். நான் வளர்த்த பையன். எனக்காக அடி வாங்கியிருக்கிறான். இந்தக் கோடையில் ரூம் ஏசி கெட்டு, கம்பெனி சரிசெய்யாமல் இழுத்தடித்தது. டூட்டிக்குப் போகாதீர்கள் என்று பையன்களை அவன் உட்கார வைத்துவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகலாம், போகக் கூடாது என்று கேம்ப் இரண்டாகப் பிரிந்தது. மெஸ்ஸில் கம்பியால் அடித்துக்கொண்டார்கள். ஒருவனுக்குக் கண் போனது. யாராவது நிறுத்த வேண்டாமா?

அன்பரசன் ஒருவன் இல்லாவிட்டால் மற்றவர்கள் டூட்டி பஸ் ஏறிவிடுவார்கள் என்றார் கம்பெனி மேனேஜர். கேம்ப் முழுவதையும் மேய்க்கிற கேம்ப் பாஸ் வேலை எனக்குத்தான் என்றும் சொன்னார். அதற்காக நான் செய்யவில்லை.

சமாதானம் பேசலாம், விடிந்ததும் தனியாக வா என்று சொல்லியனுப்பினேன். வந்தான்.

"நீங்க கூப்பிட்டா வராம இருப்பேனாண்ணே? எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"எம் மேல சத்தியம்டா" என்றேன்.

கேம்புக்குப் பின்னால் பழைய சாமான் போடும் இரும்புக் கன்டெய்னர் இருக்கிறது. யார் கண்ணிலும் படாமல் பேச அதுதான் தோது. அவன் முன்னால் போனான். நான் வெளியே நின்று கதவைச் சாத்திப் பூட்டினேன். சாயங்காலம் வரைக்கும்தான் என்று நினைத்தேன்.

பையன்களிடம் போய், உங்கள் தலைவன் கம்பெனியிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான் என்றேன். சிலர் அழுதார்கள். யல்லா, கிளம்புங்கள் என்றதும் பஸ் ஏறிவிட்டார்கள். சண்டை அதோடு ஓய்ந்தது.

ஜூலை மாத வெயில், சார். கன்டெய்னர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வேறு யாரும் அந்தப் பக்கம் வந்துவிடக் கூடாதே. திறந்துவிடலாம் என்று எழுந்தேன். திறந்தால் டிக்கெட் கதை பொய்யாகிவிடும். அப்புறம் அந்தக் கேம்பில் என் பேச்சை யார் கேட்பார்கள்? மறுபடியும் உட்கார்ந்தேன். அவன் உள்ளே மாட்டிக்கொண்டான் என்கிறீர்கள். வெளியே நான் மாட்டிக்கொண்டிருந்ததை யாரும் கேட்பதில்லை.

முதலில் கதவின் மேல்பக்கம் தட்டினான். பிறகு தட்டல் என் முழங்கால் உயரத்துக்கு இறங்கியது. பிறகு தரையோரம் சுரண்டுகிற சத்தம். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்போது திறந்தேன்.

செத்துப்போவான் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். மத்தியானமே தெரியும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். நான்தான் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அவன் போலீஸைக் கூப்பிடவில்லை, தன் ஆட்களைக் கூப்பிடவில்லை. குரல் இருந்தவரைக்கும் 'அண்ணே, அண்ணே' என்று என்னைத்தான் கூப்பிட்டான். அவன் என்மேல் வைத்திருந்த மரியாதைக்கு வேறு என்ன சாட்சி வேண்டும், சார்?