மிட்டாய்ப் பெட்டியும் நாப்பது பிள்ளைங்களும்

இல்லைங்க, அந்த ஷீட்டை நான் மாத்தி எழுத முடியாது. உங்க பையன் தட்டலன்னா தட்டலன்னுதான் எழுதணும். முதல்ல உக்காருங்க. சின்னப் பிள்ளைங்க நாற்காலிதான், ஆனா தாங்கும். நானே உக்காந்திருக்கேன் பாருங்க, இந்த உடம்பை வச்சுக்கிட்டு. பையன் பக்கத்து ரூம்ல கலர் பென்சிலோட ஐக்கியமாயிட்டான், அவனுக்கு ஒரு கவலையும் இல்ல.

அப்படி என்ன பண்ணிட்டான்னு நீங்க வெலவெலத்துப் போயிட்டீங்க? கண்ணாடி மாதிரி உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய தெரியற பிளாஸ்டிக் பெட்டி. உள்ள மிட்டாய். நான் குச்சியால மேல ரெண்டு தட்டு தட்டுறேன், பக்கத்துல இருக்கிற கம்பியை இழுத்து விடுறேன், அப்புறம் முன்னாடி இருக்கிற சின்னக் கதவைத் திறந்து மிட்டாயை எடுக்குறேன். தட்டுறதுக்கும் மிட்டாய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, அது பாத்தாலே தெரியும். அடுத்து பிள்ளையோட முறை. உங்க பையன் குச்சியைத் தொடவே இல்ல. நேரா கதவு, மிட்டாய், வாய். இதுக்கா இவ்வளவு அலட்டிக்கிட்டீங்கன்னு கேக்கிற மாதிரி என்னைப் பாத்து ஒரு சிரிப்பு வேற.

ஆமாங்க, சிம்பன்சியும் அப்படித்தான் செய்யும். நான் அதை மறைக்கல. இங்க வர்றதுக்கு முன்னாடி எட்டு வருஷம் அதுங்ககூடத்தான் இதே பெட்டியை வச்சுக்கிட்டு மாரடிச்சேன். ஒண்ணுக்கு ஆபீசர்னு பேர் வச்சிருந்தோம், கையைப் பின்னாடி கட்டிக்கிட்டுத்தான் நடக்கும். நான் மாங்கு மாங்குன்னு தட்டுவேன், அது என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கும். நான் முடிச்சதும் கதவைத் திறந்து எடுத்துத் தின்னுட்டுப் போயிடும். பாவம் இந்தம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சிருக்கும்.

மனுஷப் பிள்ளைங்க வேற மாதிரி. தட்டும், கம்பியை இழுக்கும், அப்புறம்தான் கதவு. தட்ட வேண்டாம் கண்ணு, அது சும்மான்னு சொன்னாக்கூட தட்டும். பெரியவங்க ஒண்ணு செஞ்சா அதுல ஏதோ இருக்கும்னு ஒரு நம்பிக்கை. எங்க புரொஃபசர் அதைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். நம்ம மூளை ஒண்ணேகால் கிலோவுக்கு மேல, சிம்பன்சியோடது அரைக் கிலோகூடத் தேறாது, ஆனா எடையில மட்டும் இல்ல விஷயம்பார். நாம அரைவேக்காட்டுல பொறந்துடுறோமாம். மூளை வெளிய வந்துதான் பெரும்பாலும் வளருதாம், இருபது வயசு தாண்டியும் வேலை முடியாதாம். அந்த நாளெல்லாம் அடுத்தவங்களைப் பாத்துப் பாத்து கத்துக்கிறதுதான். காரணம் புரியட்டும்னு காத்திருந்தா ஒருத்தனும் ஒரு முடிச்சு போடக்கூட கத்துக்க மாட்டாங்கிறார். எனக்கும் சரியாத்தான் படுது. என் வீட்டுக்காரர் டிவி ரிமோட்டைத் தொடையில ரெண்டு அடி அடிச்சுட்டுத்தான் அமுக்குவார். ஏன்னு கேட்டா, அவங்கப்பா அப்படித்தான் அமுக்குவாராம். பேட்டரி மாத்தினா தீந்துச்சு, அது ஆபீசருக்கே தெரியும்.

என்ன? ஓ, அந்த நோட்டீசா. வாசல்ல எல்லாருக்கும் குடுக்கிறதுதான். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படிச்சீங்க, கசங்கியே போச்சே. ‘முதல் குழுவில் வந்த நாற்பது குழந்தைகளும் தட்டினர்’னு போட்டிருக்கு. உங்க பயமெல்லாம் அந்த வரியிலதான இருக்கு? நாப்பது பிள்ளையும் தட்டிச்சு, எம்பிள்ளை மட்டும் தட்டல, அப்ப அவன் மூளையில ஏதோ குறைன்னு முடிவே கட்டிட்டீங்க. வீட்டுல மாமியார் வேற கேப்பாங்க. அதான் தட்டினான்னு ஒரு டிக் போடச் சொல்றீங்க.

அழாதீங்கம்மா. இந்த ஷீட்டை வச்சு யாரும் எந்தப் பிள்ளையையும் எடை போடுறதில்ல. மனுஷங்க மொத்தமா எப்படின்னு பாக்கிற வேலை இது. ஸ்கூலுக்கெல்லாம் இது போகாது. அவனைப் பத்தி வேற ஏதாவது மனசுல உறுத்துனா டாக்டர்கிட்ட காட்டுங்க, அது வேற விஷயம். இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சதெல்லாம், அவனுக்கு மிட்டாய் மேல ஆசை இருக்கு, என் மேல மரியாதை இல்ல.

ஒரே ஒரு டிக்தானேங்கிறீங்க. நானும் அப்படித்தாங்க நெனச்சேன். பதினோரு வருஷம் ஆச்சு. அந்த முதல் குழுவுக்கு ஒரு பிள்ளை குறைஞ்சது, முப்பத்தொன்பதுல நின்னுபோச்சு. சரின்னு என் மகளையே கூட்டிக்கிட்டு வந்தேன், அப்ப நாலு வயசு அவளுக்கு. அவளும் குச்சியைத் தொடல, நேரா கதவைத்தான் திறந்தா. நானும் உங்களை மாதிரியே, எம்பிள்ளைக்கு ஏதோ குறைன்னு முடிவு கட்டிட்டேன். ரூம்ல நாங்க ரெண்டு பேர்தான், கேமரா கீமராவெல்லாம் அப்ப கிடையாது. யாருக்குத் தெரியப்போகுதுன்னு டிக் போட்டுட்டேன்.

நல்லாத்தான் இருக்கா இப்ப. எதுக்கெடுத்தாலும் ஏன் ஏன்னு கேட்டு என் உயிரை வாங்குறா. ஆனா உங்க கையில இருக்கிற அந்த நோட்டீஸ்ல நியாயமா முப்பத்தொன்பதுன்னுதான் இருந்திருக்கணும். ஒரு பிள்ளை தட்டலைன்னு போட்டிருந்தா, நீங்க இப்ப இப்படி உக்காந்து அழுதிருக்க மாட்டீங்க. இத்தனை வருஷத்துல உங்களை மாதிரி எத்தனை பேர் வீட்டுக்குப் போய் அழுதாங்களோ, அதைக் கேக்கிற தைரியம் எனக்கு இல்ல.

உங்க பையன் ஷீட்டு உள்ளபடியே போகட்டும். புரொஃபசர் மேலதான் இருக்கார், என் மகளோடதையும் இப்பவே திருத்திக் குடுத்துடுறேன். ஒரு நிமிஷம் இருங்க, பேனாவை எங்க வச்சேன்னு தெரியல.