ஒரு கடிக்கு ஆசிட், ஒரு கடிக்கு ஊசி

எனக்கு நாய்களைக் கண்டால் பயம். சிறு வயதில் ஏதாவது துரத்தியதா என்று கேட்காதீர்கள், அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. வெறும் பயம்தான். தெருவில் ஒன்று படுத்திருந்தால் எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போவேன். என் மனைவி தாட்சாயிணி அதைச் சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்ட ஆள் இதை எப்படிச் செய்தார் என்று சற்று முன் நீங்கள் ஏட்டையாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. நியாயமான கேள்வி, இன்ஸ்பெக்டர். முதலிலிருந்து சொல்கிறேன். எழுதிக்கொள்கிறவருக்கு வேகமாக இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

என் பெயர் வீரராகவன். எல்.எம்.பி. என்கிற வைத்தியப் படிப்பு படித்தவன். காட்டுப்பாக்கத்துக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே, சாலையோரம், ஒரு மிராசுதார் தன் தாயார் பெயரில் கட்டிவைத்த தர்ம ஆஸ்பத்திரியில் நான்தான் டாக்டர். என்னைத் தவிர அங்கே இருந்தது கம்பவுண்டர் ஜோசப்ராஜ் மட்டும். ஆவடிப் பக்கத்துக்காரர், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். அவர்மீது எந்தக் குற்றமும் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

வெறிநாய்க்கடிக்குக் குன்னூரிலிருந்து ஊசி மருந்து வரும். நல்ல மருந்து. ஆனால் வயிற்றில், தினம் ஒன்றாக, பதினாலு நாள் போட்டுக்கொள்ள வேண்டும். நாற்று நடுகிற காலத்தில் எந்தக் கூலிக்காரன் பதினாலு நாள் வருவான்? மூன்றாம் நாள், நான்காம் நாள் நின்றுவிடுவார்கள். பிறகு ஒருநாள் கட்டிலோடு கட்டித் தூக்கிவருவார்கள். அந்த நிலையில் வந்தவர் யாரையும் யாராலும் காப்பாற்ற முடிந்ததில்லை. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தாகத்தில் நாக்கு வறண்டிருக்கும். டம்ளரைப் பார்த்ததும் தொண்டை இழுத்துக்கொள்ளும். விசிறியின் காற்றுக்குக்கூட அலறுவார்கள். நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். அதுதான் கொடுமை.

கடித்த உடனே காயத்தை ஆசிட் வைத்துப் பொசுக்கிவிட்டால் ஊசியே வேண்டாமோ என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒரே நாள் வேலை. அது மட்டும் நிரூபணமானால் எத்தனை ஏழைகள் பிழைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நான் கெட்ட எண்ணத்தோடு தொடங்கவில்லை.

ஆராய்ச்சித் திட்டம் ஒன்று எழுதி மெட்ராஸில் ஒரு வைத்தியக் கமிட்டிக்கு அனுப்பினேன். கூப்பிட்டார்கள். தலைவராக இருந்தவர் வயதானவர், மென்மையாகப் பேசுகிறவர். "கடித்த நாய் வெறிநாய்தான் என்று உமக்கு எப்படித் தெரியும்? நம் ஊரில் கடிக்கிற நாய்களில் பாதிக்கு மேல் சும்மா கடிப்பவை. அவர்கள் ஆசிட் இல்லாமலே பிழைப்பார்களே" என்றார். பக்கத்திலிருந்தவர், "எதோடு ஒப்பிடப் போகிறீர்?" என்றார். வெறி உறுதியான நாய்கள் கடித்தவர்களை மட்டும் வைத்துச் சிறிய அளவில் ஏதாவது காட்டினால் பிறகு யோசிக்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள். அவர்கள் எதையும் அனுமதிக்கவில்லை. அவர்களையும் இதில் இழுக்காதீர்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் அந்தத் திட்டத்தை மறுபடி எடுத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவமானம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அது பயம். இந்தச் சாலையோரத்து ஆஸ்பத்திரியிலேயே பெயர் தெரியாமல் செத்துப்போவேனோ என்கிற பயம்.

அந்த வாரம் காட்டுப்பாக்கத்துச் சம்பத் ஒரு வெறிநாயை மீன் வலையில் சுருட்டி, மூங்கிலில் மாட்டி, இரண்டு பேராகத் தூக்கி வந்தான். சம்பத் சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறவன். கூடவே அவன் பெண்டாட்டி வடிவும் கையில் தடியோடு வந்தாள். பயமே தெரியாத பெண்.

"டாக்டரய்யா, நீங்களே இன்னாத்தையாவது குட்த்து இத்த முட்ச்சிடுங்க. அட்ச்சா ரத்தம் தெறிக்கும்னு சொல்லிகினாங்க" என்றான் சம்பத்.

"ஏரிக்கரையில மேய்க்கப் போற புள்ளைங்க அழுதுங்க ஐயா. இத்தோட ஒழியட்டும்" என்றாள் வடிவு.

முடித்துவிடுகிறேன் என்று சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வயலைத் தாண்டி ஒரு பாழடைந்த செங்கல் சூளை இருக்கிறது. அதன் பக்கத்தில் கூரை போட்ட ஒரு சரக்கு அறை. அவர்கள் போன பிறகு நாயை வலையோடு இழுத்துப்போய் அங்கே போட்டேன். அது சாவதற்குள் இன்னும் இரண்டு தெருநாய்களை, சோறு வைத்துக் கூப்பிட்டு, அது கடிக்கட்டும் என்று உள்ளே விட்டு அடைத்தேன். கமிட்டி கேட்டது வெறி உறுதியான நாய். இதைவிட உறுதியாக யாரால் சொல்ல முடியும்?

அது செத்த பிறகு அந்த இரண்டையும், சோறு காட்டியே, தனித்தனியாக அடைத்துத் தினமும் கதவிடுக்கில் பார்ப்பேன். சில வாரங்களில் முதலில் ஒன்று தின்பதை நிறுத்தியது. பிறகு குரல் மாறியது. அந்தக் குரலை உங்களுக்கு எப்படிச் சொல்வது? குரைப்பில் தொடங்கி ஊளையில் முடியும், தொண்டையில் எதுவோ சிக்கியதுபோல. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் காதில் கேட்கும். "ஏங்க, ஏன் திடீர்னு கதவையே பாக்குறீங்க?" என்பாள் தாட்சாயிணி. ஒன்றுமில்லை என்பேன்.

கதவில் நீளமாகக் கயிறு கட்டியிருந்தேன். சந்தைக்கு ஆட்கள் நடக்கிற காலை வேளையில் சூளையின் மேல் ஏறி நின்று இழுத்தேன். நாய் சற்று நேரம் வெயிலில் நின்றது. பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாலையை நோக்கி நேராக ஓடியது. நான் இறங்கவில்லை. முன்பே சொன்னேனே, எனக்கு நாய்களைக் கண்டால் பயம் என்று.

கடிபட்டவர்கள் வேறெங்கே போவார்கள்? என்னிடம்தான் வந்தார்கள். முதலில் வந்தவர் மாட்டுவண்டிக்காரர் தசரதன். அவருக்கு ஆசிட் மட்டும். அடுத்து வந்த செங்கல் அறுக்கிற பெண்ணுக்கு ஆசிட்டும் ஊசியும். அதற்கடுத்தவருக்கு மறுபடி ஆசிட் மட்டும். வந்த வரிசைப்படி, ஒன்று விட்டு ஒன்று. பணக்காரன், ஏழை, சாதி, மதம் எதையும் நான் பார்க்கவில்லை. நம் தேசத்தில் வேறெந்த இடத்தில் அப்படி ஒரு நியாயம் நடக்கிறது, சொல்லுங்கள்.

ஊசி ஏன் எல்லோருக்கும் போடவில்லை என்று ஜோசப்ராஜ் கேட்டார். மெட்ராஸ் கமிட்டியின் உத்தரவு என்றேன். அது பொய். அவர் நம்பினார்.

தசரதன் புரட்டாசியில் திரும்ப வந்தார். கட்டிலில், கயிற்றோடு. அவர் மகள் ஈரத் துணியால் உதட்டைத் துடைக்கப் போனாள். அவர் போட்ட சத்தத்தில் வாசலில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் தெருவுக்கு ஓடிவிட்டார்கள். என்னைப் பார்த்து, "ஐயா, நீங்க போதும்னு சொன்னீங்களே ஐயா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டார். மறுநாள் காலை போய்விட்டார்.

ஒருவரை வைத்து முடிவு சொல்ல முடியாது. அது ஆராய்ச்சியின் பால பாடம். அதனால் இரண்டாவது நாய்க்கும் கதவைத் திறந்தேன். அதன் பிறகு வேறு நாய்களுக்கும்.

ஊர்ப்பக்கம் எப்படி மாறிப்போயிற்று என்று உங்களுக்கே தெரியும். பொழுது சாய்ந்தால் கதவு அடைத்துவிடுவார்கள். வயலுக்குப் போகிறவர்கள் கும்பலாக, தடியோடு போனார்கள். பிள்ளைகளின் இடுப்பில் கயிறு கட்டித் தூணில் கட்டிப்போட்ட வீடுகளைப் பார்த்தேன். காட்டுப்பாக்கத்தில் யாரோ விக்கியதற்குக்கூட அவர் பெண்டாட்டி அலறிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். கடிபடாதவர்களே தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்து, குடிக்க முடிகிறதா என்று தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சோதித்துக்கொண்டேன், தினமும் காலையில். நாயின் எச்சில் எங்கேயாவது பட்டிருக்குமோ என்று.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. தாட்சாயிணி திருவேற்காட்டுக் கோயிலுக்குக் கிளம்பினாள். அன்று காலைதான் ஒரு நாயை விட்டிருந்தேன். அது வழக்கம்போலப் பூந்தமல்லிப் பக்கம் போகும் என்று நினைத்தேன். போகாதே என்று அவளிடம் சொல்ல வாய் வரை வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? சும்மா இருந்துவிட்டேன்.

உச்சிக்கு முன்பே திரும்பி வந்தாள். ஜட்கா வண்டியிலிருந்து முதலில் இறங்கியது வடிவு. கை முழுக்க ரத்தம். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சதை கிழிந்து தொங்கியது. அவள் கைபிடித்து இறக்கிவிட, பின்னால் தாட்சாயிணி இறங்கினாள். கெண்டைக்காலில் கடி. புடவை கிழிந்திருந்தது.

"ரோட்டாண்ட வந்துகினு இருந்தேன், அம்மா கால கவ்விகினு உடவே இல்ல ஐயா. வாய்க்குள்ள கைய உட்டுப் பிச்சி எட்த்தேன். அம்மாவ மொதல்ல பாருங்க, பயந்து போய்க் கீறாங்க" என்றாள் வடிவு. சொல்லிவிட்டு அவளே முதலில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தலை சுற்றியிருக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர், அதற்கு முந்தி வந்தவருக்கு ஆசிட் மட்டும் வைத்திருந்தேன். ஆகவே வரிசைப்படி வடிவுக்கு ஊசி. தாட்சாயிணிக்கு ஆசிட் மட்டும். ஜோசப்ராஜ் அந்தக் கணக்கு தெரிந்தவர். வடிவுக்காக ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுத்துத் தயாராக வைத்துவிட்டார்.

நான் அதை வாங்கித் தாட்சாயிணிக்குப் போட்டேன்.

"ஐயா, வடிவுதானே மொதல்ல வந்தது?" என்றார் ஜோசப்ராஜ் மெல்ல.

"அவளுக்கு ஆசிட் போதும்" என்றேன்.

"மருந்து நெறைய இருக்குதே ஐயா. ரெண்டு பேருக்குமே போடலாமே."

மருந்து இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஊசிப் பக்கம் ஒன்று கூடிவிட்டதால் ஆசிட் பக்கம் ஒன்று வேண்டியிருந்தது. வடிவின் கையைப் பிடித்து நானே ஆசிட் வைத்தேன். சதை பொசுங்குகிற வாசனை வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, தாட்சாயிணியைப் பார்த்துச் சிரித்தாள். "அவ்ளோதாம்மா, ஒண்ணியும் இல்ல" என்றாள்.

தாட்சாயிணிக்குப் பதினாலு ஊசியும் தவறாமல் போட்டேன். ஒருநாள் கூட விடவில்லை. ஒவ்வொரு நாளும் அவள், "வடிவு ஏன் ஊசிக்கு வரதில்ல?" என்று கேட்டாள். அவளுக்குத் தேவையில்லை என்று சொன்னேன்.

கார்த்திகை பிறந்ததும் சம்பத் ஓடி வந்தான்.

"டாக்டரய்யா, காத்தால கஞ்சி குட்த்தேன், தட்டி உட்டுட்டா. வேணும்னு பண்ணல ஐயா, கை தானா தட்டுது. தாகமா கீதுன்றா, குடிக்க முடியலன்றா. இன்னா ஐயா இது?"

அவனுக்கும் தெரியும். என் வாயால் வேறு ஏதாவது சொல்லமாட்டேனா என்றுதான் கேட்டான். போனேன். அவர்கள் வீட்டில் சன்னலை எல்லாம் கோணி வைத்து அடைத்திருந்தார்கள், காற்று வராமலிருக்க. வடிவு ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். வெறிநாயின் வாயில் கை விட்ட பெண், நான் கதவைத் திறந்தபோது வந்த காற்றுக்கு நடுங்கினாள். தாட்சாயிணியும் என் பின்னால் வந்திருந்தாள். எனக்குத் தெரியாது.

"அம்மா, கிட்ட வராதீங்க. கட்ச்சிடுவனோன்னு பயமா கீது" என்றாள் வடிவு.

தாட்சாயிணி கிட்டேதான் போனாள். கடைசி வரை அங்கேயே இருந்தாள். அதன் பிறகு என் வீட்டுக்கு அவள் வரவில்லை. திருமுல்லைவாயிலில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

வடிவின் காரியம் முடிந்த மறுநாள் சம்பத் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வெறிநாய்களைத் தேடிப் புறப்பட்டான். மத்தியானம் என்னிடம் வந்து நின்றான்.

"சூளையாண்ட சத்தம் கேக்குது ஐயா. யாரோ உள்ள வெச்சிப் பூட்டிகீறாங்க. நீங்க வந்து மருந்து வெச்சீங்கன்னா முட்ச்சிடலாம்."

என்னை நம்பித்தான் கூப்பிட்டான். நானும் போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும். ஜோசப்ராஜும் கூட வந்தார். கதவுக்குப் பின்னால் அந்தக் குரல். ஆட்கள் எல்லோரும் தள்ளி நின்றார்கள். ஜோசப்ராஜ் மட்டும் கிட்டே போய்ப் பூட்டைத் தொட்டுப் பார்த்தார். மருந்து அறைக்கு முன்பு போட்டிருந்த பூட்டு அது. தொலைந்துபோயிற்று என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார். சம்பத் அவர் முகத்தைப் பார்த்தான், பிறகு என் முகத்தை. அவன் கையில் தடி இருந்தது. நான் ஓடினேன், இன்ஸ்பெக்டர். நேராக உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் ஓடிவந்தேன். எனக்கு முன்பே தாட்சாயிணி தன் அண்ணனோடு வந்து, தனக்குத் தெரிந்ததை உங்களிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

ஆமாம், நாய்களை அடைத்தது நான். வெறி ஏற்றியது நான். கயிற்றை இழுத்தது நான். இருந்த மருந்தைக் கொடுக்காமல் வைத்திருந்ததும் நான்தான். யாரும் எனக்கு உதவவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கொலை என்று மட்டும் எழுதாதீர்கள். கொலைகாரனுக்கு முடிவு தெரியும். இரண்டு சிகிச்சையில் எது மேல் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. தெரியாததால்தான் ஆராய்ச்சியே. நீங்கள் அப்போதிலிருந்து அந்த ஒரு கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள், தெரியாதவன் ஏன் பெண்டாட்டிக்கு மட்டும் ஊசி போட்டான் என்று. நானும் யோசித்துப் பார்த்தேன். அது ஒரு பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். வரிசை தப்பிய நோயாளியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வடிவை மட்டும் நீக்கிவிட்டுப் பாருங்கள், இன்ஸ்பெக்டர். என் ஆராய்ச்சியில் ஒரு குறையும் இருக்காது.