வளைஞ்ச செவுரு

— கைய இப்படி நீட்டுங்க, பாக்கலாம்.

— பொண்ணு பாக்க வந்தவனுக்குக் கை ஜோசியமுங்களா?

— ஜோசியமெல்லாம் இல்லீங்க. லாரி பாடி கட்டற பட்டறையில வெல்டிங்னு சொன்னீங்க. அப்ப நெருப்புப் பொரி பட்டுப் புள்ளி புள்ளியா இருக்கோணும். உங்களுக்கு வெரலுக்கு அடியில வரிசையாக் காச்சுப் போயிருக்குது. கயித்துல தொங்குன கை இது.

— அது வந்துங்க... கெணத்துல தண்ணி சேந்தறதுங்க.

— தோட்டத்துக்குப் புது மோட்டார் போட்டிருக்கறோம்னு உங்கம்மா இப்பத்தான் உள்ள சொன்னாங்க. நவநீதகிருஷ்ணன்கற பேராச்சும் நெசமுங்களா?

— பேரு நெசந்தானுங்க, சத்யபிரியா. எங்கம்மா ஒன்னே ஒன்னுதான் சொல்லிக் கூட்டியாந்தாங்க. ஜப்பானைப் பத்தி மட்டும் வாயத் தெறக்காதேன்னு.

— தெறங்க.

— தெறந்தா போச்சுங்க. ஆத்தூர்ல ஒரு ஊட்டுல தெறந்தேன். பொண்ணோட அப்பா காப்பிய வெச்சுட்டு எந்திரிச்சுப் போனவருதான், திரும்பி வரவே இல்ல.

— அப்படி என்னங்க இருக்குது ஜப்பான்ல?

— டிவியில ஒரு போட்டி வருமுங்க. தண்ணிக்கு மேல கயிறு தொங்கும். உருளற கட்டை இருக்கும். தாவித் தாவிப் போகோணும். கடைசில வளைஞ்ச செவுரு ஒன்னு, ஓடியாந்த வேகத்துலயே ஏறோணும். வழுக்குனா அடுத்த வருசம் வா. பள்ளிக்கூட லீவுல பாக்க ஆரம்பிச்சதுங்க. இன்னும் அதப் பாக்காமச் சோறு எறங்காது.

— டிவி பாக்கறதுக்கா பொண்ணு குடுக்க மாட்டேனுட்டாங்க?

— அது வந்துங்க... பாக்கறதோட நின்னிருந்தாப் பரவாயில்லீங்களே. பட்டறையில கழிச்சுப் போட்ட பலகை, தகரமெல்லாம் கொண்டாந்து, ரோட்டோரம் எங்க தோட்டங்காட்டுல அதே மாதிரி கட்டி வெச்சிருக்கறனுங்க.

— ஏஞ்சாமி சத்யா, பேசியாச்சா? வந்த ஒறம்பரையெல்லாம் உக்காந்தே கெடக்கறாங்க. மறுபடியும் சேலையத் தூக்கிச் சொருகிட்டா நிக்கற? எறக்கி உடு.

— செத்த இருங்க ராசம்மாத்தை, வாரேன். நீங்க சொல்லுங்க. அந்தச் செவுத்துல ஏறிட்டீங்களா?

— இல்லீங்க.

— ஒருக்காக்கூட?

— ஒருக்காக்கூட இல்லீங்க. வெரல் நுனி மேல படும். அப்படியே சறுக்கிட்டு வந்துருவேன். பையன் கால ஒடிச்சுக்கக் கூடாதுன்னு எங்கய்யன் கீழ வைக்கப்புல்லக் கொட்டி உட்டிருக்கறாரு. ரோட்டுல போற பஸ்ஸே சிரிக்குது.

— அப்பறம் எதுக்குங்க தெனமும் போய் உழுவறீங்க?

— சொன்னா நீங்களும் சிரிப்பீங்க.

— சிரிச்சா சிரிக்கறேன். பொய் மட்டும் வேண்டாமுங்க.

— அதுல ஒருத்தரு வருவாருங்க. சலூன் கடைக்காரரு, தலையெல்லாம் நரைச்சுப் போச்சு. வருசா வருசம் வந்து உழுவாரு. ஆனா அவரு மேல தாவத் தாவ, கீழ கரையிலயே அவரு ஊட்டுக்காரம்மா கூட ஓடியாரும். அவரு பேரச் சொல்லிக் கத்திக்கிட்டே. தண்ணிக்குள்ள இருந்து அவரு எந்திரிக்கறப்ப துண்டோட நிக்கும். ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே போவாங்க. போட்டியவிட எனக்கு அந்தம்மாவத்தானுங்க பாக்கப் புடிக்கும். அப்படி ஒரு ஆளு நமக்கும் கெடச்சா, ஏறுனாலும் சரி, உழுந்தாலும் சரின்னு...

— அப்படிக் கூட ஓடறதுக்குத்தான் பொண்ணு தேடறீங்களா?

— ஆமாங்க. இது பொய் இல்ல.

— எனக்கு ஆவாதுங்க.

— சரிங்க.

— கீழ நின்னு பேரச் சொல்லிக் கத்தறது, துண்டு புடிச்சுக்கிட்டு நிக்கறது, அதெல்லாம் எனக்கு வராது.

— சரிங்க. நான் தப்பா எடுத்துக்கல. இத்தன நேரம் யாரும் காது குடுத்துக் கேட்டதில்லீங்க, அதுவே சந்தோசம். ஜாதகம் ஒத்து வரலைன்னு நானே சொல்லிர்றேன். உங்க மேல பேச்சு வராது.

— என்னங்க இத்தன அவசரம். செவுத்துலயும் நீங்க இதேதான் பண்றீங்க. நல்லாத்தான் ஓடி வாரீங்க. கிட்ட வந்ததும் பயந்துக்கிட்டுக் கடைசி அடியச் சின்னதா வெச்சர்றீங்க. அந்த அடியத்தான் பெருசா வெக்கோணும்.

— அது... அதெப்படிங்க உங்களுக்குத் தெரியும்?

— நாமக்கல் ஆபீசுக்கு அந்த பஸ்ஸுலதானுங்க போயிட்டு வாரேன். புதுச்சத்திரம் தாண்டி உங்க காடு வந்தா எல்லாரும் சன்னல் பக்கம் திரும்புவாங்க. நானுந்தான். தரகர் உங்க போட்டோவக் காட்டுனப்பவே கண்டுபுடிச்சுட்டேன், வைக்கப்புல்லுல உழுவறவருன்னு.

— சிரிச்சீங்களா?

— சிரிக்கலீங்க. எனக்குக் கையும் காலும் துறுதுறுன்னு இருந்துச்சு. போன சனிக்கெழம சாயந்தரம் அங்கயே எறங்கிட்டேன். காட்டுல ஒருத்தரையும் காணோம்.

— கோயில்ல கெடா வெட்டுங்க, எல்லாரும் போயிட்டோம். எறங்கி?

— ஏஞ்சாமி, உள்ள கேக்கறாங்க. மாப்பளையப் புடிச்சிருக்குதா இல்லியா? ஒரு வார்த்த சொல்லீரு.

— அவருக்கு ஒரு சோலி இருக்குதுங்கத்தை. முடிச்சுட்டு வரட்டும், சொல்றேன்.

— எனக்கு என்னங்க சோலி?

— உங்க செவுத்து மேல நான் தலைக்குக் குத்தற பச்சைக் கிளிப்பு கெடக்குதுங்க. பொழுதுக்குள்ள போய் எடுத்துட்டு வாங்க. ஏணி போடக் கூடாது.