நடுவில் இருப்பவர் வளைவதில்லை

காப்பி நன்றாக இருக்கிறது ஐயா, சர்க்கரைதான் ஒரு கரண்டி கூட. பரவாயில்லை, இந்த வாரம் எனக்கு எல்லாமே இனிப்பாகத்தான் இருக்கிறது.

நானும் கலியமூர்த்தி அண்ணனும் சேர்ந்து கல்யாணப் படம் எடுக்கிறவர்கள். எங்களுக்குள் ஒரு வழக்கம். ஒருவர் கேமராவில் கண்ணை வைத்தால் மற்றவர் பின்னால் நின்று அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் படம் எடுக்கிற மும்முரத்தில் ஹோம குண்டத்தில் காலை வைத்துவிடுவோம். இத்தனை வருஷமும் அவர் பெல்ட் என் கையில், என் பெல்ட் அவர் கையில்.

மீன் கண் லென்ஸ் வாங்கலாம் என்றது நான்தான். சென்னைக்கு பஸ் ஏறிப் போனோம். கடைக்காரர் காட்டிய பழைய ஃபிலிம் லென்ஸை வேண்டாம் என்றேன். அது வட்டமாகப் படம் தரும். எங்கள் டிஜிட்டல் கேமராவின் சென்சார் சின்னது, வட்டத்தின் தலையும் காலும் வெட்டுப்படும். டிஜிட்டலுக்கென்றே செய்ததை மாட்டிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கடையின் இரண்டு பக்கச் சுவர், கூரை, என் செருப்பு, எல்லாம் ஒரே படத்தில். குடிக்காமலே தலை கிறுகிறுத்தது. ஊர் திரும்பியதும் கடற்கரைச் சாலையை வில்லாக வளைத்தேன். மாதா கோயிலின் இரண்டு கோபுரங்களையும் ஒன்றையொன்று குனிந்து கும்பிட வைத்தேன்.

கல்யாண வீட்டார்தான் ரசிக்கவில்லை. ஒரு பெண்ணின் அப்பா படத்தில் ஓரமாக நின்றுவிட்டார், தலை சுரைக்காயாக நீண்டுவிட்டது. இந்த லென்ஸ் ஓரத்தில் இருப்பவரைத்தான் இழுக்கும், நடுவில் இருப்பவரை ஒன்றும் செய்யாது என்று பொறுமையாக விளக்கினேன். அவர் ஆல்பத்தைத் தூக்கி எறிந்தார். அண்ணனுக்கு அவமானமாகிவிட்டது.

"அத வித்துட்டேன்டா அருளு. நாளைக்குச் சாயங்காலம் ஆளு வந்து வாங்கிக்கினு போறான். நமக்கு அது ஆவாது" என்றார்.

நான் சண்டை போடவில்லை. மறுநாள் காலை கருவடிக்குப்பத்தில் ஒரு புது அடுக்குமாடியைப் படம் எடுக்கும் வேலை இருந்தது. மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இன்னும் எழுப்பவில்லை. கடைசியாக ஒருமுறை அதை மாட்டுவோம் என்று கெஞ்சினேன், ஒத்துக்கொண்டார். தங்கமான மனுஷர், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த லென்ஸில் பார்த்தால் எல்லாம் எட்டப் போய்விடும். காலடியில் இருக்கிற விளிம்பு நாலு முழம் தள்ளித் தெரியும். இன்னும் கிட்டப் போங்க என்று நான் சொல்லச் சொல்லப் போனார். கடைசியில் கால் விரல்கள் விளிம்பில் இருந்தன. கீழே வாசல் கேட்டும் படத்தில் விழ வேண்டும் என்று முன்னால் சாய்ந்தார்.

"கெட்டியா புடிச்சிக்கடா."

பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். "ஒரு தபா நானும் பாக்குறேன், குடுண்ணா" என்று இடது கையை நீட்டினேன். திரும்பாமலே கேமராவைக் கொடுத்தார்.

கால் சறுக்கியது என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். அது அவருக்கு இழுக்கு ஐயா, தொழிலில் அவர் ஒருநாளும் சறுக்கியதில்லை. நான்தான் பெல்ட்டை விட்டேன். கேமரா என் கைக்கு வந்த பிறகு விட்டேன். முன்னாலேயே விட்டிருந்தால் லென்ஸ் போயிருக்கும்.

அப்புறம் எட்டிப் பார்த்து ஒரு படம் எடுத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கடல், தென்னைகள், மாடிகள், ஓடி வருகிற கொத்தனார்கள் எல்லாம் சுற்றிலும் வளைந்து நிற்க, அண்ணன் மல்லாந்து கிடக்கிறார். உங்கள் மேசையில் இருப்பது அதுதான். அதை வைத்துத்தான் என்னைப் பிடித்தீர்கள், அதில் எனக்கு வருத்தமில்லை.

துர்கா அண்ணி இப்போது அழுவார், பிறகு புரிந்துகொள்வார். அவருக்கு ஒரு பிரிண்ட் கொடுங்கள். அண்ணனை நடுவில் வைத்துத்தான் எடுத்தேன், முகம் கொஞ்சமும் கோணவில்லை.