லோகநாயகி நடத்திய கணக்குப் பாடம்

கொத்சு இருவகைப்படும். கத்திரிக்காயைச் சுட்டு மசிப்பது ஒன்று. வேகவைத்து மசிப்பது மற்றொன்று. என் மனைவி லோகநாயகி செய்தது முதல் வகை. சிதம்பரத்தில் அதை வெல்லும் கொத்சு இல்லை என்பது என் துணிபு. பின்னங்களை நான் கற்றது அந்தக் கிண்ணத்தில்தான் என்பதால், இவ்வாக்குமூலத்தை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆய்வாளர் அம்மையார் அவர்களே, நான் சொல்லச் சொல்லத் தாம் எழுதிக்கொள்வதாகக் காவல் நிலைய எழுத்தர் கூறினார். நன்றியுடன் மறுத்தேன். நாற்பத்தைந்து வயது வரை கைநாட்டு வைத்தவன் நான். இன்று ஐம்பத்திரண்டு வயதில், சடையப்பன் என்று முழுமையாகக் கையொப்பமிடும் வாய்ப்பை ஏன் பிறருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்?

லோகநாயகி கணக்கு ஆசிரியை. ஏழாண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதத்தில் அவள் உறக்கத்தை மறந்து, பாடி, சிரித்து, ஒன்பதே நாளில் எனக்குத் தமிழ் எழுத்துகள் அனைத்தையும் கற்பித்தாள். பத்தாம் நாள் அவளை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. அது மனஎழுச்சி நோய் என்றார் கடலூர் மருத்துவர் செம்பியன். லித்தியம் என்னும் மாத்திரையைக் கொடுத்தார். அவள் தெளிந்தாள். பள்ளிக்குத் திரும்பினாள். மாத்திரையை என் கையால்தான் வாங்கி விழுங்குவாள்; என்ன மாத்திரை என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

தெளிந்த பின்னும் எனக்குப் பாடம் சொன்னாள். ஆனால் வாரத்துக்கு ஒரு பாடம். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத விரும்பினேன். "அவசரப்படாதீங்க. அடுத்த வருஷம் எழுதுங்க, நல்லா வரும்" என்றாள். நான் உதவியாளராகப் பணிபுரியும் கல்லூரி அலுவலகத்திலோ, எழுத்தர் தட்சிணாமூர்த்தி நாள்தோறும் வினவுவார்: "என்ன சடையப்பா, பத்தாவது இந்த ஜென்மத்துலயா, அடுத்ததுலயா?"

ஒன்பது நாளில் எழுத்துகளைத் தந்தவள் வாரத்துக்கு ஒரு பாடம் தருவது முறையா என்று சிந்தித்தேன். தை முதல் நாளிலிருந்து லித்தியத்தை எடுத்து வைத்துவிட்டு, அதே நிறமும் அளவும் கொண்ட சுண்ணாம்புச் சத்து மாத்திரையைக் கொடுத்தேன். அதுவும் உடலுக்கு நல்லதே.

மூன்றாம் வாரத்தில் பாடங்கள் களைகட்டின. சம்பா சாதத்தை ஏழாகப் பங்கிட்டு, மூன்று பங்கைத் தெருவுக்கு வழங்கி, "மிச்சம் எவ்வளவு, மாணவரே?" என்பாள். ஏழில் நான்கு என்று சொன்னால்தான் கொத்சு கிடைக்கும். பசியோடு கற்ற பின்னம் மறப்பதில்லை. ஒரு காலையில் கோலமாவில் செங்கோண முக்கோணம் வரைந்தாள். அதன் கர்ணம் எங்கள் வாசலில் தொடங்கிப் பால் பூத்தில் முடிந்தது. பால் வாங்க வந்த பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்து அதைத் தாண்டிச் சென்றார்கள். "டீச்சர், இந்தக் கோட்டைத் தாண்டுனா பெயிலா?" என்று ஒருத்தி கேட்க, தெருவே சிரித்தது.

சுற்றளவுப் பாடத்துக்கு ராஜவேலுவின் ஆட்டோவை அமர்த்தினாள். கீழவீதி, தெற்குவீதி, மேலவீதி, வடக்குவீதி என்று வலம் வந்தோம். வண்டியிலிருந்து தலையை நீட்டி, நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் பெருக்குக என்று பூக்கடைக்காரர்களுக்கும் கற்பித்தாள். மூன்றாம் சுற்றில் ராஜவேலுவே சூத்திரத்தைப் பாடலானார். "பாடம் சூப்பரு யக்கா. பெட்ரோலுக்கும் ஒரு சூத்திரம் சொல்லிட்டா ராத்திரி வரைக்கும் சுத்தலாம்" என்றார். என் வாழ்நாளில் அவ்வளவு மகிழ்ந்ததில்லை. நானும் பாடினேன்.

அவள் இளைத்தாள் என்பது உண்மையே. மீச்சிறு பொது மடங்கைச் சரியாகச் சொன்ன கீரைக்காரம்மாளுக்குத் தன் தோட்டைக் கழற்றிக் கொடுத்ததும் உண்மையே. கல்விக்கு ஈகம் தேவை.

மாசியில் மருத்துவரைக் காணச் சென்றோம். இரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதிப்பார் என்று அறிந்திருந்ததால், அதற்கு முந்தைய ஐந்து நாளும் உண்மையான மாத்திரையையே கொடுத்தேன். மருத்துவர் குழம்பினார். "ரத்தத்துல மருந்து சரியாத்தான் இருக்கு. ஒழுங்கா குடுக்கறீங்களா?"

"ஐந்து நாளாக ஒருவேளைகூடத் தவறவில்லை ஐயா" என்றேன். அது பொய்யன்று.

அன்று அவர் விரிவாக எச்சரித்தார். "இது எல்லாருக்கும் ஒரே கணக்குல குடுக்கற மாத்திரை இல்ல. ஒரே ஆளுக்கே வெயில் காலத்துல, பேதி காய்ச்சல்ல அளவு மாறும். குணமாக்கற அளவுக்கும் விஷமாகற அளவுக்கும் நடுவுல கொஞ்சம்தான் இடம். கை நடுங்குனா, வாந்தி எடுத்தா, நடை தள்ளாடுனா மாத்திரைய நிறுத்திட்டு அப்பவே கூட்டிட்டு வாங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க." நான் குறிப்பேட்டில் 'அறிகுறிகள் மூன்று' என்று தலைப்பிட்டு, அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன். மறுநாள் முதல் மீண்டும் சுண்ணாம்புச் சத்து.

தேர்வு மையம் கடலூரில் அமைந்தது. ஆங்கிலத் தேர்வன்று லோகநாயகி என்னுடன் பேருந்தில் வந்துவிட்டாள். சன்னலுக்கு வெளியே நின்று விடைகளைக் கூவினாள். அவற்றுள் பெரும்பாலானவை சரி. "இன்னொரு தடவை அந்தம்மா வந்தா உங்க பேப்பரையே கேன்சல் பண்ணிடுவேன்" என்றார் கண்காணிப்பாளர். அடுத்தது கணக்கு.

ஆகவே அவள் அமைதியாக இருக்க வேண்டியதாயிற்று. சேமித்து வைத்த லித்தியம் டப்பா நிறைய இருந்தது. நீர்த்த கரைசலைச் செறிவாக்க வேண்டுமாயின் கரைபொருளை மிகுதியாகச் சேர்க்க வேண்டும் என்பது அறிவியல் பாடம். இரண்டு நாள் அவ்வாறே சேர்த்தேன். அவள் வழக்கம்போல் உள்ளங்கையை நீட்டி வாங்கி விழுங்கினாள்.

கணக்குத் தேர்வன்று காலை அவள் காப்பி தம்ளரைப் பிடிக்க முடியாமல் சிந்தினாள். இருமுறை வாந்தி எடுத்தாள். எனக்குக் கடைசியாக ஒருமுறை வட்டத்தின் தொடுகோட்டை வரைந்து காட்டச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பென்சில் எங்கோ சென்றது.

"என்னங்க, கோடு கோணுது. எனக்கு என்னமோ ஆவுது. டாக்டர்கிட்ட போலாம்."

"மாலையில் போகலாம்" என்றேன்.

அப்போது அவள் தங்கை பவானி சேத்தியாத்தோப்பிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். அக்காவிடம் இரண்டு சொல் பேசியதும் என்னைக் கேட்டாள். "மாமா, அக்கா பேச்சு ஏன் கொழகொழன்னு இருக்கு? உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"நீ என்ன டாக்டருக்குப் படித்தவளா?" என்று இணைப்பைத் துண்டித்தேன்.

லோகநாயகி தள்ளாடி விழுந்துவிடாதபடி கட்டிலில் படுக்கவைத்து, பாதுகாப்பு கருதி வெளியே பூட்டி, தொலைபேசியையும் எடுத்துக்கொண்டு, கடலூர்ப் பேருந்தில் ஏறினேன். இருக்கை கிடைத்தது. நல்ல சகுனம். தொடுகோட்டு வினா வந்திருந்தது, பிழையின்றி வரைந்தேன். முடிந்ததும் தேநீர் அருந்தியபடி, வினாத்தாளில் ஒவ்வொரு விடையையும் மீண்டும் சரிபார்த்தேன். நான் வீடு சேர்ந்தபோது பூட்டு உடைந்து கிடந்தது. பவானி அவளை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றிருந்தாள். இன்னும் நான்கு மணிநேரம் முன்பே வந்திருந்தால் மூளை தப்பியிருக்கும் என்றார்களாம்.

கணக்கில் எழுபத்து நான்கு மதிப்பெண். தட்சிணாமூர்த்தி இப்போது என்னை ஐயா என்கிறார்.

லோகநாயகி உயிருடன் இருக்கிறாள். கை நடுக்கமும் குழறலும் நிலைத்துவிட்டன. ஏழு என்று சொல்ல முயன்று பாதியில் நின்றுவிடுகிறாள். மாலைதோறும் நானே அவளுக்குப் பாடம் நடத்தினேன். வாரத்துக்கு ஒரு பாடம்கூட நகரவில்லை. இருப்பினும் நான் கடிந்ததில்லை.

தெரியாமல் நடந்ததா என்று தாங்கள் கேட்டீர்கள். அவ்வினா என்னைச் சிறிது வருத்தியது. அன்று காலை, குறிப்பேட்டைத் திறவாமலே, மூன்று அறிகுறிகளையும் வரிசை தவறாமல் நான் அடையாளம் கண்டேன்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அவளுடைய புதிய மாத்திரைப் பெட்டியைப் பவானி தன்னிடம் வைத்துக்கொண்டு தர மறுக்கிறாள். அதை என்னிடம் ஒப்படைக்க ஆணையிடுங்கள். இவை மிகுந்த கவனத்துடன் கையாள வேண்டிய மருந்துகள். பவானியோ எட்டாம் வகுப்பைத் தாண்டாதவள்.